டைகரோட இடுப்பு
நம்ம டைகர் லேப்ரடார், 4 வயசு, பந்தப் பாத்தா இன்னமும் குட்டி மாதிரி துள்ளுறான், ஆனா ஓடும்போது பின்னங்கால் ரெண்டையும் சேத்து முயல் மாதிரி வைக்கிறான், எக்ஸ்ரே எடுத்தா ஹிப் டிஸ்ப்ளேசியாவாம், தொடை எலும்போட உருண்டை இடுப்புக் கிண்ணத்துல சரியா உக்காரல. பந்து, மாடிப்படி ரெண்டுக்கும் தடா. இப்ப காலைல மண் ரோட்டுல 20 நிமிஷம் நடை, ஞாயித்துக்கிழமை மாமா தோட்டத்து தொட்டில நீச்சல், தண்ணில எடை மூட்டுல இறங்காதுல்ல. வீட்டு டைல்ஸ்ல வழுக்காம பழைய கோணி விரிச்சாச்சு (அம்மா திட்டு தனி). 38 கிலோ இருந்தவன் 33க்கு வந்துட்டான், அதுலயே பாதி நொண்டல் போச்சு.
கடுப்பு என்னன்னா, இது பரம்பரையா வர்றது, தாய் தகப்பன் ரெண்டுக்கும் 2 வயசு தாண்டி இடுப்பு எக்ஸ்ரே பாத்துட்டுதான் இணை சேக்கணும். குட்டி வித்தவர்கிட்ட கேட்டா "பெடிகிரி பேப்பர் தந்தேனே சார்"ங்கிறார், அது வெறும் வம்சாவளிச் சீட்டுதான்.