சந்தைக்குள் போகும் சிலுவைப் பாதை

தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) எருசலேம் பழைய நகரில் சிலுவைப் பாதை நடக்கப் போகிறீர்களா? இயேசு சிலுவை சுமந்து போனதைப் பதினான்கு இடங்களில், அதாவது ‘நிலை’களில், நின்று ஜெபித்து நினைவுகூரும் நடை அது. அமைதியை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். வெள்ளிதோறும் பிற்பகல் 3 மணிக்கு (கோடை மாதங்களில் 4 மணிக்கு) பிரான்சிஸ்கன் துறவிகள் சிங்க வாசலுக்கு அருகே ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் முதல் நிலையைத் தொடங்குகிறார்கள். பழுப்பு அங்கியும் ஒலிபெருக்கியுமாக அவர்கள் முன்னால் போக, நாங்கள் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். சந்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் கடைகள்தான். நாங்கள் முழந்தாளிட்ட இடத்துக்கு ஓர் அடி தள்ளி மசாலாக் கடைக்காரர் பேரம் பேசிக்கொண்டிருந்தார். சிலருக்கு இது எரிச்சலாக இருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாஸ்கா என்ற யூதர் திருவிழாவுக்காகக் கூட்டம் நிரம்பி வழிந்த ஊரில்தானே இயேசுவும் சிலுவை சுமந்தார்? அன்றைக்கும் யாரும் கடையை மூடியிருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் நிலையில், சீரேனே ஊர் சீமோன் சிலுவைக்குத் தோள் கொடுத்த இடத்தில், சுவரில் குழி விழுந்த ஒரு கல் இருக்கிறது. இயேசு கை ஊன்றிய இடம் என்பார்கள். எத்தனையோ பேர் உள்ளங்கை வைத்து அது வழவழவென்று ஆகிவிட்டது. நானும் வைத்தேன். சீமோன் நற்செய்தியில் வருகிறவர். அடுத்த நிலையில் முகம் துடைக்கும் வெரோணிக்கா நற்செய்தியில் இல்லை, மூன்று முறை விழுந்ததும் இல்லை. இந்தத் தெருவே சரியான பாதைதானா என்பதும் கேள்விதான். இயேசுவுக்குத் தீர்ப்பளித்த ரோமை ஆளுநர் பிலாத்து தங்கியது நகரின் மேற்குப் பக்கத்தில், ஏரோதின் அரண்மனையில் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் ஊர்வலம் எதிர்த்திசையிலிருந்து வந்திருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்துதான் நடந்தேன். தெரிந்ததால் பக்தி ஒன்றும் குறைந்துவிடவில்லை.

நான்காம் நூற்றாண்டில் இங்கே வந்த எகேரியா என்ற பெண் எழுதிவைத்த பயணக் குறிப்பில் இந்தப் பதினான்கு நிலைகளும் கிடையாது. ஆனால் தவக்காலம் இருக்கிறது. அப்போது இங்கே அது எட்டு வாரம். சனி, ஞாயிறு நோன்பில்லை. ஈஸ்டருக்கு முந்தைய சனியன்று மட்டும் நோன்பு உண்டு. ஆக 41 நோன்பு நாட்கள். இன்று கத்தோலிக்கர் சாம்பல் புதனில் தொடங்கி, ஞாயிறுகளை விட்டு நாற்பது நாள் எண்ணுகிறார்கள்.

கடைசி ஐந்து நிலைகளும் திருக்கல்லறைக் கோவிலுக்குள். கிரேக்கர், கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டிக், எத்தியோப்பியர், சிரியர் என்று ஆறு சபைகள் ஒரே கூரையின் கீழ்; வாசல் சாவியோ பரம்பரையாக ஒரு முஸ்லிம் குடும்பத்திடம். நாள்காட்டியிலும் ஒற்றுமை இல்லை. 2024இல் கத்தோலிக்கருக்கு உயிர்ப்பு ஞாயிறு (ஈஸ்டர்) மார்ச் 31, கிரேக்கர் போன்ற ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு மே 5. ஒரு பக்கம் அல்லேலூயா பாடும்போது மறு பக்கம் நோன்பு பாதிகூட முடிந்திருக்காது! 2025இல் இரண்டும் ஏப்ரல் 20 அன்றே வந்தன.

கோவிலுக்குள், இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடம் என்று வணங்கப்படும் கொல்கொதா பாறைக்கு ஏறும் மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலிக்காரர்கள் பார்த்து ஏறுங்கள். மேலே கிரேக்கரின் பீடத்துக்கு அடியில் குனிந்து கை விட்டால் பாறையைத் தொடலாம். அப்புறம், முடிந்தால் பெரிய வெள்ளியைத் தவிர்த்து, தவக்காலத்தின் சாதாரண வெள்ளி ஒன்றில் போங்கள். பெரிய வெள்ளியன்று தெருவெல்லாம் போலீஸ் தடுப்புகள், கோவிலுக்குள் நிற்கக்கூட இடம் கிடைக்காது.