பதினெட்டாவது அத்தியாயம்

மார்ச் 3
மறுபடியும் ‘கௌபாய் பீபாப்’ என்ற ஜப்பானிய அனிமே தொடர், பதினெட்டாவது அத்தியாயம். தொடர்ந்து நான்காவது இரவு. அக்காவின் படுக்கை ஓரத்து நாற்காலியில், ஒலியே இல்லாமல். வசனம் எல்லாம் மனப்பாடம். அவளுக்கும் மனப்பாடம்தான்.

மார்ச் 4
பார்சல் ஒன்று விண்கப்பலுக்கு வருகிறது. பெற்றுக்கொள்பவர்தான் கட்டணம் தர வேண்டும். அது தனக்கு என்று தெரிந்ததும், கப்பலில் இருக்கும் ஃபே ஓடிவிடுகிறாள். கடன்காரர்களின் வேலை என்று நினைக்கிறாள். இதை நகைச்சுவைக் காட்சியாகவே இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன். இன்றுதான் வயிற்றைப் பிசைந்தது. உறைநிலையில் 54 ஆண்டுகள் கிடந்து எழுந்தவள் அவள். எழுந்ததும் அவளுக்குக் கிடைத்தது தலைக்கு மேல் கடன். வேலண்டைன் என்ற பெயர்கூட அவளுடையது இல்லை, மருத்துவர் வைத்தது. தன்னுடையது என்று எது வந்தாலும் பில்லாகத்தான் வரும் என்று அவள் நம்புவதில் என்ன தவறு?

அனுப்பியது யார்?

மார்ச் 6
அக்காவுக்குக் காய்ச்சல் 38.4. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 7
காய்ச்சல் இறங்கிவிட்டது. மூச்சு விட முடிகிறது, எழுத முடிகிறது.

அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஃபேயின் கப்பல் தோழன் ஜெட் ஒரு கதை சொல்கிறான். உராஷிமா தாரோ என்ற மீனவன் ஆமையைக் காப்பாற்றி, கடலடி அரண்மனைக்குப் போய்ச் சில நாட்கள் தங்கித் திரும்புகிறான். ஊரில் யுகமே கழிந்துவிட்டது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. திறக்காதே என்று சொல்லிக் கொடுத்த பெட்டியைத் திறக்கிறான், நொடியில் கிழவனாகிறான். ஜப்பானியக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் ஃபேயின் உறக்கத்துக்கு இது குறியீடு என்பதை யாரும் சொல்லிவிடலாம். நான் நிற்பது அதற்கு அடுத்த படியில். ஃபேயின் பெட்டி தலைகீழாக வேலை செய்கிறது. உராஷிமாவின் பெட்டிக்குள் முதுமை இருந்தது. இவளுடைய பெட்டி அந்தப் பார்சலில் வந்த வீடியோ நாடா; அதற்குள் இருப்பது ஒரு பள்ளிச் சிறுமி, பழைய ஃபே. வருங்காலத்துத் தனக்காக அந்தச் சிறுமி கைகளை ஆட்டி, குதித்து, உற்சாகக் குரல் கொடுக்கிறாள். தோற்றுவிடாதே என்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் ஃபேக்கு எதுவும் நினைவில்லை.

உராஷிமாவை ஊருக்கு அடையாளம் தெரியவில்லை. இங்கே சிறுமிக்கு ஃபேயைத் தெரியும், ஃபேக்குத்தான் சிறுமியைத் தெரியாது. ஆனாலும் அந்தக் குரல் நிற்பதில்லை. என்னைத் தெரிகிறதா என்று அவள் ஒருமுறைகூடக் கேட்பதில்லை.

நான் தினமும் காலையில் அக்காவிடம் அதைத்தான் கேட்கிறேன். நாளை கேட்க மாட்டேன்.

மார்ச் 8
கேட்டுவிட்டேன்.

மார்ச் 9
நாடா ஏன் பீட்டாமேக்ஸ் என்ற பழைய வீடியோ வடிவத்தில்? ஃபே பிறந்தது 1994. அப்படியானால் படம் பிடித்தது இரண்டாயிரத்துக்குப் பிறகுதான். அந்தக் காலத்தில் எந்த வீட்டில் பீட்டா ஓடியது? சோனி அதை 1975இல் கொண்டுவந்தது, அதற்குப் போட்டியான ஜேவிசியின் விஎச்எஸ் அடுத்த ஆண்டே வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. இதைப் பிழை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோற்றுப்போன வடிவத்தில்தான் அந்தக் குரல் இருக்க வேண்டும். உலகமே கைவிட்ட கருவி ஒன்று கிடைக்காமல் அந்த நினைவைத் திறக்க முடியாது.

நாடாவை ஓட்டும் கருவியைத் தேடி ஜெட்டும் இன்னொரு தோழன் ஸ்பைக்கும் பூமிக்கு இறங்கி, இடிபாடுகளுக்கு அடியில் அத்தனை தூரம் போய், சுமந்துகொண்டு வருகிறார்கள். வந்து பார்த்தால் அது விஎச்எஸ். நாடா நுழையாது. எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஃபேமீது பாசம் என்று இருவரும் வாய்திறந்து சொல்வதே இல்லை. தவறான பெட்டியைத் தூக்கி வந்த முதுகுவலிதான் அவர்களுடைய பாசம். சரியான கருவி பிறகு தானாகவே வருகிறது, இன்னொரு பார்சலாக. அதையும் யார் அனுப்பினார்கள் என்று தெரிவதில்லை.

இன்று தாதி தலையணையை மாற்றி வைத்தார். இந்த உயரம் அக்காவுக்குப் பிடிக்காது என்று சொன்னேன். உடனே சரிசெய்தார்.

மார்ச் 10
சிங்கத் தலையும் மீன் உடலுமான சிங்கப்பூர்ச் சிலை மெர்லயனைப் பார்க்கப் போனேன். அந்த மூன்று மணி நேரம் அம்மா அக்காவுடன் இருந்தார்.

ஃபேயின் நாடாவில் மெர்லயன் வருகிறது. நம் ஊர், நம் சிங்கம். சிறுவயதில் முதன்முறை அதைப் பார்த்தபோது அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கியது இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது. லிம் நாங் செங் வடித்த சிலை, 8.6 மீட்டர் உயரம், 1972இல் திறந்தார்கள். அத்தியாயம் முதலில் ஒளிபரப்பான 1998இல் அது இப்போதைய இடத்தில் இல்லை. எஸ்பிளனேட் பாலம் வந்து முகத்தை மறைத்துவிட்டதால் 2002இல் 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அக்கா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் படம் பழைய இடத்தில் எடுத்தது. ஆற்றின் வாயருகே அந்த இடத்தைத் தேடி நின்றேன். படத்தில் இருக்கும் கைப்பிடிச் சுவர் எது என்று கடைசிவரை தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அம்மா இரண்டு முறை அழைத்திருந்தார், கவனிக்கவில்லை. ஒன்றுமில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கத்தான்.

மார்ச் 12
இருபத்து நான்காவது அத்தியாயத்தையும் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. நினைவு திரும்பி ஃபே தன் வீட்டுக்கு ஓடுகிறாள். வீடே இல்லை. குச்சியால் தரையில் ஒரு நீள்சதுரம் வரைந்து, தன் கட்டில் இருந்த இடம் என்று, அதற்குள் படுத்துக்கொள்கிறாள்.

நினைவு திரும்பினால் போதும் என்றுதான் இத்தனை நாளும் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்காவின் அறையில் எதையும் நகர்த்தக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். கட்டில், மேசை, சன்னல் ஓரத்து ஸ்பைக் பொம்மை. விரிப்பைத் துவைத்து அதையே மறுபடி போட வேண்டும்.

மார்ச் 13
காலை ஏழரைக்கு அக்கா வலது கை விரல்களை அசைத்தாளாம். அம்மா சொன்னார். அப்போது நான் பேருந்தில் இருந்தேன்.