லினக்ஸ் விஎம்மில் மவுஸ் கர்சர் மினுக்குகிறதா?

வெர்ச்சுவல்பாக்ஸ் என்பது கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை (விஎம்) ஓட்டும் மென்பொருள். அதில் ஓடும் லினக்ஸில் கர்சர் மினுக்கினால் மவுஸைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் டிஸ்ப்ளே ஸ்கேலிங்கை, அதாவது திரையில் தெரிபவற்றைப் பெரிதாக்கும் அமைப்பைப் பாருங்கள். எக்ஸ்11 (லினக்ஸின் பழைய திரைக்காட்சி முறை) அமர்வில் 125% போன்ற அளவு வைத்தால், அதை இயக்கும் எக்ஸ்ஆர்க் என்ற மென்பொருள் பெரும்பாலும் ஹார்டுவேர் கர்சரைக் கைவிட்டுச் சாஃப்ட்வேர் கர்சருக்கு மாறிவிடும். ஹார்டுவேர் கர்சர் திரையில் தெரியும் படத்தின் மேல் தனி அடுக்காக நிற்கும். சாஃப்ட்வேர் கர்சரோ அந்தப் படத்திலேயே வரையப்படுவது. அடியில் ஏதாவது மாறும்போதெல்லாம் அதை அழித்துத் திரும்ப வரைய வேண்டும். அந்த இடைவெளிதான் மினுக்கம். வீடியோ ஓடும்போதும் டெர்மினலில் வரிகள் உருளும்போதும் அது அதிகமாவது இதனால்தான்.

ஆகவே கெஸ்ட்டில் (விஎம்முக்குள் ஓடும் லினக்ஸில்) ஸ்கேலிங்கை 100% ஆக்குங்கள். எழுத்து சிறிதாகத் தெரிந்தால், வெர்ச்சுவல்பாக்ஸின் வியூ மெனுவிலிருந்து விண்டோவில் தெரியும் படத்தையே பெரிதாக்கலாம். லினக்ஸுக்கு அது தெரியவே தெரியாது, ஹார்டுவேர் கர்சரும் தப்பிக்கும்.

எக்ஸ்ஆர்க் கான்ஃபிக் கோப்பில் சாஃப்ட்வேர் கர்சரைக் கட்டாயமாக்கும் வரி இருந்தால் நீக்குங்கள். கர்சரே தெரியாதபோது அது உதவும் என்பது உண்மை; மினுக்கத்துக்கு அது மருந்தல்ல, காரணம்.

இன்னும் நிற்கவில்லையா? விஎம்மை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். சேவ் செய்து மூடினால் டிஸ்ப்ளே அமைப்புகளை மாற்ற முடியாது. கிராபிக்ஸ் கன்ட்ரோலர் விஎம்எஸ்விஜிஏ, வீடியோ மெமரி 128 எம்பி என வைத்து, 3டி ஆக்சலரேஷனை அணைத்துப் பாருங்கள். கெஸ்ட் அடிஷன்ஸின் (கெஸ்ட்டுக்குள் நிறுவும் வெர்ச்சுவல்பாக்ஸ் துணை மென்பொருளின்) பதிப்பு வெர்ச்சுவல்பாக்ஸ் பதிப்போடு ஒத்திருக்கட்டும்.