தங்கசாலையில் எழுத்து அடித்தார்கள்

மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்த என் முதல் நாவலைப் போன மாதம் முடித்தேன். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான மாற்று வரலாற்றுக் கதை, கொஞ்சம் மாயமும் உண்டு. யார் எதைப் படிக்கலாம் என்று அரசாங்கம் முடிவு செய்கிற ஒரு சென்னையில் நடக்கிறது. எழுதும்போது எங்கெங்கே மாட்டிக்கொண்டேன், எப்படி மீண்டேன் என்று சொல்கிறேன். இதே மாதிரி எழுத உட்காருகிற யாருக்காவது உதவும்.

நான் வியாசர்பாடி. படித்த பள்ளியில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பீரோ இருந்தது. உள்ளே கதைப் புத்தகங்கள். சாவி கேட்டால் "கிழிச்சிடுவீங்க" என்பார்கள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை அந்தக் கண்ணாடி வழியாகத் தலைப்புகளை மட்டும் படித்தேன். இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். நாவல் அங்கேயே தொடங்கிவிட்டது.

முதல் வரைவில் பெரிய மதில், கோபுரம், கறுப்பு அங்கி போட்ட காவலர்கள், பாதாள நூலகம் எல்லாம் வந்தன. ஊருக்குப் பெயர் வைக்கவில்லை. அறுபது பக்கம் போனபின் நின்றுவிட்டது. அந்த ஊரில் காலையில் யார் தண்ணீர் பிடிப்பார்கள், எந்த முனையில் டீ கிடைக்கும் என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. அதை அப்படியே மூட்டை கட்டினேன்.

அப்புறம் வேறு பக்கமிருந்து வந்தேன். உலகத்தையே மாற்ற வேண்டாம், வரலாற்றில் ஒரே ஒரு ஆணியைப் பிடுங்கினால் என்ன ஆகும்? தேடியபோது 1835 கிடைத்தது. அதுவரை கம்பெனி ஆட்சியில் அச்சு வேலை அரசின் கெடுபிடிக்குள் இருந்தது. தற்காலிக கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்கால்ஃப் அந்த வருடம் கொண்டுவந்த சட்டம் அதைத் தளர்த்தியது. இன்னார், இன்ன இடத்தில் அச்சகம் வைத்திருக்கிறேன் என்று உறுதி எழுதிக் கொடுத்தால் போதும் என்றானது. அதற்குப் பின்தான் நம் ஆட்களின் அச்சுக்கூடங்கள் பெருகின. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் இங்கே வைத்த அச்சுக்கூடம் தங்கசாலைத் தெருவில்தான் இருந்தது.

தங்கசாலை! பேருந்துக்கு நின்று நின்று கால் வலித்த இடம். கம்பெனிக்காரர்கள் நாணயம் அடித்த வளாகம் அது. நாணயச் சாலையை மூடிய பிறகு அங்கே அரசு அச்சகம் வந்தது. இதைப் படித்த இரவு தூக்கமே வரவில்லை. என் கதையில் 1835 சட்டம் வரவில்லை. தங்கசாலையில் காசோடு சேர்த்து எழுத்தையும் அடிக்கிறார்கள். ஒவ்வொரு ஈய எழுத்தும் கம்பெனியின் சொத்து. சாயங்காலம் எண்ணிப் பார்ப்பார்கள், ஒரு 'ழ' குறைந்தால் அன்று வேலை செய்த அத்தனை பேரும் உள்ளே. நாயகிக்குப் பதினைந்து வயது, பக்கத்திலேயே இருக்கும் ஏழுகிணறுத் தெருக்காரி. அவள் ஊரை நான் உருவாக்க வேண்டியிருக்கவில்லை. 1772இல் தோண்டிய கிணறுகளின் தண்ணீர் அந்தத் தெருவிலிருந்து கோட்டைக்குப் போனது நிஜ வரலாறு. காவல் போட்ட கிணறு இருந்த தெருவில் வளர்ந்தவளுக்குக் காவல் போட்ட எழுத்து எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டுமா என்ன?

வரலாற்றுக்காகக் கன்னிமாரா போனேன். 1896இல் திறந்த நூலகம். 1954ஆம் வருடச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பழைய நூல் வேண்டுமென்றால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் கை நடுங்கியது, பீரோ ஞாபகம். புத்தகம் வந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் திறந்தால் வேறொரு பூட்டு. ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரிக் கொம்போடு இருந்தன. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபின் பள்ளிக்குப் போன தலைமுறை நான். அரைப் பக்கம் படிக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. இதைக் கதையில் கொண்டுவந்தேன். கம்பெனி ஒவ்வொரு இருபது வருடத்துக்கும் எழுத்து வடிவத்தை மாற்றும். பழைய புத்தகத்தை எரிக்கத் தேவையே இருக்காது.

அச்சுக்கோக்கும் வேலை தெரியாமல் இந்தக் கதையை எழுத முடியாது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பெரியவர் காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் அச்சு மெஷின் இன்னும் வைத்திருக்கிறார், பில் புக்குக்கு நம்பர் போட. நான்கு சனிக்கிழமை அவரிடம் போனேன். ஈய எழுத்துகளை வரியாக அடுக்கும் சின்னத் தட்டு, ஸ்டிக் என்பார்கள், அதை என் இடது கையில் கொடுத்து, "கண்ணால தேடாதம்மா, கை போகணும்" என்றார். எழுத்துக்குக் கீழே ஒரு சின்ன வெட்டு இருக்கிறது. பெருவிரல் அதைத் தடவியே எழுத்து நேராக நிற்கிறதா என்று சொல்லிவிடும். வரியைத் தலைகீழாகக் கோத்து, இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும். அடித்து முடித்ததும் ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துப் பெட்டியில் அதனதன் குழியில் போட வேண்டும். என் பெயரைக் கோக்க எனக்குப் பத்து நிமிடம். அவருக்கு நான் மூச்சு விடும் நேரம். கதையின் மாயம் அந்த வெட்டிலிருந்துதான் வந்தது. ஓர் ஈய எழுத்து தான் அடித்த வரிகளையெல்லாம் மறக்காது, பெருவிரலால் தடவினால் சிலருக்கு மட்டும் அவை கேட்கும்.

இரண்டாவது வரைவு ஏழு மாதத்தில் முடிந்தது. அதை எங்கள் தெருவில் சாயங்காலம் பாடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசியில் நாயகி தங்கசாலைக் கதவை உடைக்கிறாள், புத்தகமெல்லாம் தெருவுக்கு வருகிறது, முற்றும். ஒன்பதாவது படிக்கும் ஒருத்தி கேட்டாள்: "இன்னாக்கா, அவ்ளோதானா? வெளிய வந்தா யாரு படிப்பா? அவங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீதான மொதல்ல எழுதுன?"

பதில் சொல்ல முடியவில்லை. என் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அதை எப்படி மறந்தேன் என்று அன்றைக்கு எனக்கே என் மேல் கோபம்.

சரி என்று கடைசி எண்பது பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். இப்போது கதவு உடைவது கதையின் நடுவிலேயே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. நாயகி ராத்திரிகளில் திண்ணையில் உட்கார்ந்து, தடவிக் கேட்ட வரிகளைச் சத்தமாகச் சொல்கிறாள். அவள் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்து மறுகேள்வி கேட்கிறாள். இதை எழுதவே ஒரு வருடம் போனது. மூன்று வருடத்தில் நான் மனசாரச் செய்த வேலை என்றால் இந்த அத்தியாயங்கள்தான். மாற்று வரலாறு எழுதுபவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: பூட்டை நன்றாக யோசிப்பது போல, திறந்த மறுநாள் காலையையும் யோசியுங்கள்.

பதிப்பகங்களுக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் வர வேண்டும். அதுவரை டிடிபி கடையில் ஆறு பிரதி எடுத்து ஸ்பைரல் போட்டுப் பிள்ளைகளிடம் விட்டிருக்கிறேன். யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. ஒரு பிரதி காசிமேடு வரை போயிருக்கிறது என்று கேள்வி. நேற்று ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், கோணல் மாணலாக, பழைய 'லை'யை யாரோ பத்துத் தடவை எழுதிப் பார்த்திருந்தார்கள்.