பதினோரு கண் பாலம்

ஊராட்சி ஒன்றியப் பொறியாளராக நான் பணியாற்றிய காலத்தில், எத்தனை முறை அனுப்பி வைத்தாலும் ஏதேனும் ஒரு குறிப்புடன் என் மேசைக்கே திரும்பி வந்த கோப்பு ஒன்று உண்டு. காவேரிப்பட்டணத்துக்குக் கீழே தென்பெண்ணையின் குறுக்கே இருந்த பதினோரு கண் பாலத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கான கோப்பு அது. பாலத்தின் ஒரு முனை எங்கள் ஒன்றியத்திலும் மறுமுனை எதிர்க்கரைப் பேரூராட்சியிலும் இருந்தன. இரண்டு ஊர்களின் பெயர்களையும் இங்கே தவிர்க்கிறேன். அந்த அலுவலகங்களில் இன்றும் என் நண்பர்கள் இருக்கிறார்கள்.

மாட்டு வண்டிகளை மனத்தில் வைத்துக் கட்டிய பாலம் அது. மே முதல் ஜூலை வரை மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் மாங்காய் லாரிகளும், ஆண்டு முழுவதும் கிரானைட் கல் ஏற்றிய வண்டிகளும் அதன் மேல் ஓடத் தொடங்கிய பிறகு, இரு கரைகளிலும் எச்சரிக்கைப் பலகை வைத்தோம். எங்கள் பலகையில் 10 டன் என்றும் அவர்கள் பலகையில் 8 டன் என்றும் எழுதியிருந்தது. ஒன்பது டன் வண்டி ஒன்று எங்கள் கரையிலிருந்து முறைப்படி அங்கே போய்விடலாம், முறைப்படி திரும்பி வர முடியாது. இதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வருவதற்குள் எங்கள் பலகையே துருப்பிடித்து விழுந்துவிட்டது.

கோடையில் ஆறு வற்றியதும் சுத்தியலுடன் பாலத்துக்கு அடியில் நடப்பது என் வழக்கம். நல்ல கான்கிரீட் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கம்பி துருவேறி உப்பி, மேற்காரை விட்டுப்போன இடம் பானையைத் தட்டியதுபோல் பொக்கென்று ஒலிக்கும். நான்காவது கண்ணில் முதலாண்டு ஒரு முழ அகலத்துக்குக் கேட்ட அந்தப் பொள்ளல் ஒலி, சில ஆண்டுகளில் தூணிலிருந்து தூண்வரை கேட்டது. அதைவிட என்னை உறுத்தியது அடித்தளம். மணல் எடுத்து எடுத்து ஆற்றின் படுகை தாழ்ந்துகொண்டே போனதில், கட்டியபோது மண்ணுக்குள் புதைந்திருந்த அடித்தளத்தின் விளிம்பு வெளியே தெரிந்தது. ஐந்தாம் தூணின் அடியில் வெயிலுக்கு ஆடுகள் ஒதுங்கிப் படுக்கும் அளவுக்கு இடம் உண்டாகியிருந்தது. பாலத்தின் முதுமையைக் கண்ணால் பார்ப்பவர்கள் கைப்பிடிச் சுவரின் விரிசலைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலான ஆற்றுப் பாலங்களுக்கு ஆபத்து கீழிருந்துதான் வருகிறது.

பாலம் கட்டப்பட்ட காலத்தில் இரு கரைகளுமே ஒரே மாவட்டம். 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்திலிருந்து, 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. புதிய மாவட்டத்துக்கான கொண்டாட்டத்தில் நானும் மகிழ்ச்சியோடுதான் கலந்துகொண்டேன். அதுவரை தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசித் தீர்த்திருக்கக்கூடிய விவகாரம், அன்றிலிருந்து இரண்டு ஆட்சியர்கள், ஊரக வளர்ச்சி, பேரூராட்சி என இரண்டு இயக்ககங்கள் ஆகியோரின் விவகாரமாக மாறிவிட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

செலவை எப்படிப் பங்கிடுவது என்பதே முதல் சிக்கல். ஆளுக்குப் பாதி என்பதில் என்ன தடை இருக்க முடியும் என்று நான் வெகுளியாக நினைத்திருந்தேன். பேரூராட்சித் தரப்பில் நில அளவரை அழைத்துக் கிராம வரைபடத்தை விரிக்கச் சொன்னார்கள். ஆற்றின் நடுவே போவதாக நாங்கள் எல்லோரும் எண்ணியிருந்த எல்லைக்கோடு, அந்தப் பழைய வரைபடத்தில் எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. ஆற்றுப் புறம்போக்கின் பெரும்பகுதி எங்கள் கிராமத்துப் புல எண்ணில் இருந்தது. கணக்கிட்டால் ஏழு கண் எங்களுடையது, நான்கு கண் அவர்களுடையது. அப்படியானால் செலவும் ஏழுக்கு நான்கு என்று பேரூராட்சியின் செயல் அலுவலர் புன்னகையோடு சொன்னார். பாலத்தோடு இணையும் அணுகு சாலைக்கு வேண்டிய பட்டா நிலம் முழுவதும் உங்கள் கரையில்தானே இருக்கிறது, அதற்கான இழப்பீட்டை நீங்கள் கொடுங்கள் என்று நாங்கள் திருப்பிச் சொன்னோம்.

பயன்பாட்டை வைத்துப் பங்கிடலாம் என்று ஏழு நாள் போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடத்தினோம். புளியமரத்தடியில் பெஞ்சு போட்டு, காலை ஆறு மணி முதல் பணியாளர்கள் கோடு கிழித்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்கு அக்கரை போனார்கள். அவர்கள் பக்கத்து மாங்காயும் தக்காளியும் இக்கரை வந்தன. தலை எண்ணினால் பயன் எங்களுக்கு, டன் எண்ணினால் பயன் அவர்களுக்கு. ஒரே பதிவேட்டை இரு மன்றங்களும் தத்தமக்குச் சாதகமாகப் படித்தன. இரண்டிலும் பிழை இல்லை. மூன்றாம் நாள் பெஞ்சருகே வந்து நின்ற முதியவர் ஒருவர், "இக்கரைக்காரன் அக்கரையைக் கேக்குறான், அக்கரைக்காரன் இக்கரையைக் கேக்குறான். நடுவுல நிக்கிற பாலம் யாருதுங்க சார்?" என்றார். கணக்கெடுப்புப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பணம் எங்கேயும் இல்லை என்று சொல்ல முடியாது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காடு, நிதி ஆணையப் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஓர் ஒன்றியத்தின் பங்கு என்பது சம்பளம், மின்கட்டணம், குடிநீர்ப் பராமரிப்பு போக எஞ்சுவது, அதில் ஒரு கண் கட்டினால் அடுத்த ஆண்டு வேறு வேலையே நடக்காது. நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி நிதி 2011 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதை ஆறு சட்டமன்றத் தொகுதிகள் எதிர்பார்த்திருக்க, மறுகரை வேறு தொகுதியாக இருக்கும் பாலத்துக்கு எந்த உறுப்பினர் பெருந்தொகை ஒதுக்குவார்? பிற்பாடு 2021-இல், 1,281 தரைப்பாலங்களை உயர்மட்டப் பாலங்களாக்கும் அறிவிப்பு வந்தபோது எங்கள் ஊரில் பலர் எனக்குத் தொலைபேசினார்கள். அது நெடுஞ்சாலைத் துறைச் சாலைகளுக்கானது என்று விளக்க வேண்டியிருந்தது. எங்களுடையது ஒன்றியச் சாலை.

கடைசியில் வழி திறந்தது நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியில்தான். 1995-96-இல் தொடங்கப்பட்ட அந்த நிதியிலிருந்து பாலங்களுக்கு மதிப்பீட்டில் 80 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். கடன் வாங்குவது மாநில அரசு; முதலிரண்டு ஆண்டு தவணை விலக்கு உட்பட ஏழு ஆண்டுகளில் அதைத் திருப்பிச் செலுத்துவதும் மாநில அரசே. உள்ளாட்சி அமைப்பு வட்டி கட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேலைக்கு ஒரு துறைதான் பொறுப்பேற்று அறிக்கை அளிக்க முடியும். ஏழும் நான்குமாகப் பிரித்து இரண்டு கருத்துருக்கள் அனுப்ப இயலாது. ஆகவே பாலம் முழுவதையும் எங்கள் தரப்பே கட்டுவது, எதிர்த்தரப்பு நிலத்தை எடுத்துக் கொடுத்து ஆட்சேபனை இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றுவது என்று யோசனை வைத்தேன். பத்தாண்டுப் பங்குச் சண்டைக்குப் பிறகு இது எளிதில் ஏற்கப்படும் என்று நம்பினேன். அதற்கும் எதிர்ப்பு வந்தது. திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்ற கேள்வியைப் பற்றி அதிகம் எழுதாமல் விடுவதே நல்லது.

2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, தேர்தல் நடைபெறாமல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஆண்டுக்கணக்கில் மன்றப் பொருளாக வைக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்ட தீர்மானம், உறுப்பினர் எவருமில்லாத மன்றத்தில் ஒரே பிற்பகலில் நிறைவேறியது. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதியைப் பற்றி இன்றளவும் எனக்குக் கூச்சம் உண்டு. பாலத்தைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த யாரும் அந்தத் தீர்மானத்தில் கைதூக்கவில்லை.

2017 நவம்பர் இறுதியில், எங்கள் பாலத்துக்கு மேலே அதே ஆற்றில் இருக்கும் கிருஷ்ணகிரி அணையின் மதகு ஒன்று உடைந்தது. 52 அடி அணை ஏறக்குறைய நிரம்பியிருந்த நேரம். அன்றிரவு எங்கள் பாலத்தில் இரு பக்கமும் முட்களை வெட்டிப் போட்டுப் போக்குவரத்தை மறித்தோம். பாலம் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு போய்ப் பார்த்தபோது, ஆடுகள் படுக்கும் இடத்தில் நானே குனிந்து நுழைய முடிந்தது. அன்று எடுத்த புகைப்படங்கள், என் மதிப்பீட்டுப் பக்கங்கள் செய்ய முடியாத வேலையைச் செய்தன. கோப்பு அதன் பிறகு எங்கும் படுத்துக்கொள்ளவில்லை.

அனுமதி வந்த பின்னும் மதிப்பீட்டைத் திருத்த வேண்டியிருந்தது. மதிப்பீட்டுக்கு அடிப்படையான அரசின் விலை விகிதப் பட்டியல் ஆண்டுதோறும் மாறுவது ஒரு காரணம். பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போன, 2013-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பிரிவுக் குழாய் மற்றொரு காரணம். குழாயை மாற்றும் செலவை நான் சேர்த்திருந்தேன்; புதிய பாலத்தைப் பழைய பாலத்துக்குக் கீழ்ப்புறம் இருபது மீட்டர் தள்ளிக் கட்டுவதால், வேலை முடியும்வரை பழைய பாலத்திலேயே போக்குவரத்து நடக்கட்டும் என்றும் எழுதியிருந்தேன். பழைய பாலத்தை இடித்து அகற்றும் செலவைச் சேர்க்கவில்லை. மொத்தத் தொகை வரம்பைத் தாண்டிவிடக் கூடாது என்ற அச்சத்தில் நானே அடித்துவிட்ட வரி அது.

2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் எச்சத்தால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். வெள்ளம் தணிந்ததும் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தேன். புதிய பாலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேல்புறத்தில் நிற்கும் பழைய பாலத்தின் தாழ்ந்த கண்களில் மரக்கிளையும் ஆகாயத்தாமரையும் அடைத்து, தண்ணீர் ஒருபுறமாகத் திரும்பி, புதிய அணுகு சாலையின் கரைச் சரிவை அரித்திருந்தது. இளம் பொறியாளர் ஒருவர் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தார். பழைய பாலத்தை இடிக்கச் சொல்லிப் பேரூராட்சிக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும், அதில் ஏழு கண் உங்களுடையது என்று வரைபட நகலுடன் பதில் வந்திருப்பதாகவும் அவர் சொன்னார். அந்த நகலின் மூலையில் என் பழைய சுருக்கொப்பம் இருந்தது.