டெஃப்லான் உந்துபொறி: புள்ளி நகர்ந்தது, ஆனால் எதனால்?

விண்கலங்களை மெல்லத் தள்ளும் சின்ன உந்துபொறி ஒன்றை நானே செய்துபார்த்தேன். வெற்றிடக் கலத்துக்குள் அது முதல் தடவை நீல வெளிச்சமாக வெட்டியபோது பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை, அது தரும் தள்ளலை அளப்பதில்தான் இரண்டு மாதம் போயிற்று.

பொறியின் அமைப்பு எளிது. இரண்டு செம்புத் தகடுகள், நடுவில் டெஃப்லான் கட்டி, 2 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 1,500 வோல்ட், அதாவது ஒரு துடிப்புக்கு 2.25 ஜூல். சின்னதாக ஒரு தீப்பொறி வழி திறந்துவிட்டால் மின்னோட்டம் டெஃப்லானின் முகப்பை ஒட்டிப் பாய்ந்து மெல்லிய படலம் ஒன்றைப் பிளாஸ்மாவாக்கும், அதே மின்னோட்டத்தின் காந்தப்புலம் அதை வெளியே தள்ளும். 1964ல் சோவியத்தின் ஸோண்ட் 2 விண்கலத்தில் போனதும் இந்த இனம்தான்.

ரோட்டரி பம்ப் மட்டும் வைத்து 0.1 மில்லிபாரில் ஓட்டியது வீண். மிச்சமிருக்கும் காற்றே மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, வோல்டேஜ் ஏறவே இல்லை. இன்னும் ஆழமான வெற்றிடம் தரும் டிஃப்யூஷன் பம்ப் சேர்த்து 0.0001க்கு இறக்கிய பிறகுதான் சரியாக வெடித்தது.

அப்புறம் தள்ளலை அளக்க முறுக்கு ஊசல். மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கும் தண்டு (இதைத்தான் கை என்கிறேன்), அதன் நுனியில் பொறி, நடுவில் கண்ணாடி, அதில் பட்டுத் திரும்பும் லேசர் 3 மீட்டர் தள்ளிச் சுவரில் விழுகிறது. ஒரு துடிப்புக்குப் புள்ளி 6 மில்லிமீட்டர் நகர்ந்தது, அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் சந்தேகம் வந்து, பொறியின் வாயைக் கையின் நீளவாக்கில் வெளிப்பக்கம் திருப்பி வெடித்தேன். அப்படி வைத்தால் ஊசல் சுழலவே கூடாது, ஆனாலும் 2 மில்லிமீட்டர் நகர்ந்தது! வெளியே இருந்த கெப்பாசிட்டரிலிருந்து கைக்கு வரும் வயர்களில் பெரிய மின்னோட்டம் பாயும்போது அவை ஒன்றையொன்று தள்ளி, கையையும் சேர்த்து இழுத்திருக்கின்றன.

கெப்பாசிட்டரைக் கையின் மேலேயே ஏற்றினேன். சார்ஜ் செய்யும் வயர்கள் அச்சில் உள்ள காலின்ஸ்டன் (அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் உலோகக் கலவை) கிண்ணங்களில் முங்கியபடி வருகின்றன, உரசல் இல்லை. (வெடித்து முடிந்ததும் ஷார்ட் செய்யாமல் கலத்தைத் திறக்காதீர்கள், இவ்வளவு சேமிப்பு ஆளைப் பதம் பார்த்துவிடும்.) இப்போது வாயைத் திருப்பி வெடித்தால் புள்ளி அசைவதில்லை. நேராக வைத்தால் 3.4 மில்லிமீட்டர், அதாவது ஒரு துடிப்பின் மொத்தத் தள்ளல் (விசை × நேரம்) 24 மைக்ரோநியூட்டன் நொடி. 1968இன் எல்.ஈ.எஸ் 6 செயற்கைக்கோளின் பொறி 1.85 ஜூலிலேயே சுமார் 26 தந்தது, அந்த அளவுக்கு நான் இன்னும் வரவில்லை.

300 துடிப்புக்குப் பிறகு டெஃப்லானின் ஓரங்களில் கரி படிகிறது. பரப்புக்கு ஆற்றல் போதவில்லை என்று நினைக்கிறேன். கட்டியின் அகலத்தைப் பாதியாகக் குறைத்து வெட்டி வைத்திருக்கிறேன், அடுத்த ஓட்டம் அதில்தான்.