சோழர் கடற்படைக் கட்டுரையில் ஒரு பதவிப் பட்டியலை நீக்கப் பட்ட பாடு

இணையத்தில் பலரும் கூடித் தொகுக்கும் கலைக்களஞ்சியம் ஒன்றில், சோழர் கடற்படை பற்றிய கட்டுரையைச் சீர்செய்ய முனைந்தேன். கணக்குத் தொடங்குவது, தொகுப்பது, மேற்கோள் இணைப்பது எல்லாம் எளிதாகவே முடிந்தன. பாடாய்ப் படுத்தியது, பேரரசர் முதல் கலத்தின் தலைவன் வரை இன்றைய கடற்படைப் பதவிகளுக்கு நேர் இணையாக அடுக்கப்பட்டிருந்த ஒரு பட்டியல்தான். அதற்கும், அதன் கீழே போர்க்கப்பல்களை வகை பிரித்துக் காட்டிய பத்திக்கும் ஒரு மேற்கோள்கூட இல்லை.

முதலாம் இராசேந்திரனின் கடல்கடந்த படையெடுப்புக்கு நம்மிடம் உள்ள நேரடிச் சான்று மிகச் சுருக்கமானது. ‘திருமன்னி வளர’ எனத் தொடங்கும் அவனது மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைக் கூறும் பகுதி), அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்திக் கடாரத்து அரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றதைக் கூறி, ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று இடங்களை அடுக்கிச் செல்கிறது. 1025ஆம் ஆண்டையொட்டி நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும் அப்படையெடுப்பில் எத்தனை கலங்கள் சென்றன, அவை எவ்வகையின, அவற்றை நடத்தியவர் யார் என்பவற்றை அது சொல்லவில்லை. கட்டுரையிலோ மூன்றுக்கும் விடை இருந்தது.

சான்று இல்லை என்று வாசகருக்குக் காட்டும் ‘மேற்கோள் தேவை’ வார்ப்புருவை அவ்விரண்டிலும் இட்ட அன்றே வேறொரு பயனர் அதை நீக்கிவிட்டு, தமிழர் பெருமையைக் குறைக்கும் முயற்சி என்று தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதினார். உரையாடல் பக்கத்தில் கேட்டபோது, அப்படிப்பட்ட பதவிகள் இல்லை என்பதற்கு என்னிடமே சான்று கேட்டார். இந்த வலையில் விழவேண்டாம். ஒன்றைச் சேர்ப்பவரே அதற்குச் சான்று தரவேண்டும் என்று, எழுதுவது சரிபார்க்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்னும் மெய்யறிதன்மைக் கொள்கையில் தெளிவாக உள்ளது, அதற்கு இணைப்புக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே போதும்.

காத்திருந்ததற்கு இரண்டு சான்றுகள் வந்தன: ஒரு செய்தித்தளத்தின் சிறப்புக் கட்டுரை, ஒருவர் தாமே அச்சிட்டு வெளியிட்ட நூல். செய்தித்தளக் கட்டுரையில் பதவிப் பட்டியல் அதே வரிசையில், அதே சொற்களில் இருந்தது. மூன்றாம் பதவியின் ஓரத்தில் [12] என்ற எண்ணும் சதுர அடைப்புக்குறியோடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அடிக்குறிப்பே இல்லாத ஒரு செய்திக்கட்டுரைக்குப் பன்னிரண்டாம் அடிக்குறிப்பு எங்கிருந்து வந்தது? கட்டுரை வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டியபோது, கணக்கில்லாத ஒருவர் அந்தப் பட்டியலை, செய்தி வெளியான தேதிக்குப் பல ஆண்டுகள் முன்பே சேர்த்திருந்தது தெரிந்தது. நம் கட்டுரையிலிருந்து எடுத்ததையே நமக்குச் சான்றாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இதை உரையாடல் பக்கத்தில் எழுதுமுன் அந்தச் செய்திப் பக்கத்தை இணைய ஆவணகத்தில் சேமித்து வைத்தது நல்லதாயிற்று; எழுதிய சில நாட்களில் [12] சத்தமில்லாமல் மறைந்துவிட்டது.

நூலைத் தேடிப் போனது வீண் அலைச்சல். நூலகப் பட்டியலில் இருந்தது, அடுக்கில் இல்லை. எங்கே போயிற்று என்று கேட்டதற்குப் பணியாளர் பட்டியலையே மறுபடி காட்டினார். கடைசியில் இன்னொரு பயனர் தம்மிடமிருந்த படியின் துணைநூற்பட்டியலைப் படமெடுத்து அனுப்ப, அதில் எங்கள் கலைக்களஞ்சியத்தின் முகவரியே இடம்பெற்றிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சற்று அற்பமானதுதான்.

இதற்கிடையே ஒருவர் மாற்றியதை மற்றவர் மாறிமாறி நீக்கும் தொகுத்தல் போர் முற்றி நிர்வாகியிடம் முறையிட்டேன். உள்ளடக்கச் சிக்கலை நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் பக்கத்தைப் பூட்டினார். பூட்டிய வடிவத்தில் பதவிப் பட்டியல் முழுமையாக இருந்தது.

பூட்டு விலகிய பிறகு, மெய்க்கீர்த்தி வரிகளையே சான்றாக வைத்து எழுதியதும் சொந்த ஆய்வு, அதாவது வெளியான ஆய்வைச் சாராத என் சொந்த விளக்கம், என்று நீக்கப்பட்டது. எரிச்சல் வந்தாலும் அந்த ஆட்சேபம் நியாயமானது. கல்வெட்டை நாமே படித்துப் பொருள் சொல்வதை விட, அதைப் படித்து ஆராய்ந்த வரலாற்றாசிரியரைப் பக்க எண்ணோடு காட்டுவதே நிற்கும். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றையும், சோழரின் தென்கிழக்காசியக் கடற்படையெடுப்புகள் குறித்து ஹெர்மன் குல்கே முதலியோர் பதிப்பித்து 2009இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பையும் பக்க எண்களோடு காட்டிய பிறகு அந்தப் பத்தி அசையவில்லை.

பதவிப் பட்டியல் இப்போது இல்லை. கப்பல் வகைகள் பற்றிய பத்தி வார்ப்புருவோடு நிற்கிறது. கணக்கில்லாத யாரோ அவ்வப்போது வந்து ஆயிரம் கப்பல்கள் என்று சேர்த்துவிட்டுப் போவதால், கட்டுரையை என் கவனிப்புப் பட்டியலிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. சேர நாட்டுக் காந்தளூர்ச் சாலையில் இராசராசன் ‘கலமறுத்த’ நிகழ்வைக் கடற்போர் என்று அடித்துச் சொல்லும் வரியைப் பற்றி, அறிஞர்கள் அதில் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர் என்று உரையாடல் பக்கத்தில் நேற்றுத்தான் எழுதியிருக்கிறேன். முன்பு வார்ப்புருவை நீக்கிய அதே பயனர் அதற்குள் மறுமொழி இட்டுவிட்டார்.